சிப்பிக்கு முங்குகிறவர் கை: விரல் வெளுத்து மரக்கிறது, தோலும் வெடிக்கிறது. என்ன செய்யலாம்?

கடியபட்டணம்_தம்பி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அண்ணனுக்காகக் கேட்கிறேன். வயது 38. விடலைப் பருவத்திலேயே சிப்பிக்கு முங்கத் தொடங்கியவர். நடுவில் பல வருடம் சவுதியில் இருந்துவிட்டு, இப்போது ஊரோடு வந்து மறுபடியும் கடலுக்குப் போகிறார்.

இந்த ஆடியும் ஆவணியும் தண்ணீர் ரொம்பக் குளிர்ந்து கிடந்தது. முங்கி ஏறி வள்ளத்தில் உட்கார்ந்தால், வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நுனியிலிருந்து ரெண்டாவது கணு வரைக்கும் ரத்தமே இல்லாமல் வெளுத்துவிடும். கிள்ளினால் தெரியாது. கரைக்கு வந்த பிறகு நீலம் பாரித்து, அப்புறம் சிவந்து, விண்விண்ணென்று தெறிக்கும். சட்டைப் பித்தானைக்கூட அண்ணிதான் போட்டுவிட வேண்டியிருக்கிறது.

அது தவிர ரெண்டு புறங்கையிலும் அரிப்பு, பொடிப்பொடியாக நீர்க்கொப்புளம், விரல் மொளியில், அதாவது கணுவில், வெடிப்பு. மருந்துக்கடையில் ஒரு ட்யூப் கொடுத்தார்கள். போட்டால் நாலு நாள் அடங்கும், நிறுத்தினால் முன்னைவிட மோசம். ஊரில் யாரைக் கேட்டாலும் "உப்புத்தண்ணி, குளிரு, அப்படித்தான் இருக்கும்" என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொடிமுனை_வள்ளம் எழுதியது:

தம்பி, நானும் சிப்பிக்காரன்தான். பாறையை இடது கையால் பிடித்துக்கொண்டு, வலது கையில் உளியை வைத்து நெம்புகிற வேலை இது. நீவாடு (நீரோட்டம்) இழுக்கும்போது பிடி விட்டால் உடம்பே பாறையில் போய் அடிக்கும். அதனால் எவ்வளவு கிழித்தாலும் கையை எடுக்க மாட்டோம். சிப்பி ஓட்டு விளிம்பும், அதன்மேல் ஒட்டிக் கிடக்கும் கொட்டலசும் (கூரான ஓடுள்ள சின்ன உயிர்) கத்திதான். தண்ணீருக்குள் வெட்டுப் பட்டது தெரியாது, மேலே வந்து கை காயும்போதுதான் எரியும். ஊறி வெளிறிய தோல் வெட்டுவதற்கு லேசு.

இதெல்லாம் எங்கள் எல்லோருக்கும் உண்டு. ராத்திரி தேங்காய் எண்ணெயைச் சூடாக்கி, ஆறவைத்துத் தேய்த்துவிட்டுப் படுப்பேன். இளம் பிள்ளைகள் சிலர் கை நாற்றம் போக மண்ணெண்ணெய் விட்டுக் கழுவுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம். தோலில் இருக்கிற கொஞ்ச எண்ணெய்ப் பசையையும் அது உரித்து எடுத்துவிடும்.

ஆனால் நீ சொல்லும் அந்த வெளுப்பு, ரெண்டு விரல் மட்டும் கோடு போட்டதுபோல் வெளுப்பது, எல்லோருக்கும் வருவதில்லை. எனக்கு வந்ததில்லை. எங்கள் வள்ளத்திலும் யாருக்கும் இல்லை. அதைக் குளிர் என்று விட்டுவிடாதே.

வடகடல்_முங்கி எழுதியது:

நான் இனயம் பக்கம். நார்வேயில் சால்மன் மீன் வளர்க்கும் கூண்டுகளில் முங்கும் வேலை செய்கிறேன். வலை கிழிந்த இடத்தைத் தைப்பது, செத்த மீனை எடுப்பது என்று எப்போதும் கையால் செய்யும் வேலைதான். குளிர்காலத்தில் தண்ணீர் 4, 5 டிகிரிக்கு இறங்கிவிடும். அதனால் கையும் குளிரும் பற்றிக் கொஞ்சம் சொல்ல முடியும்.

முதலில் ஒரு விஷயம். நம் ஊர்க் கடலும் குளிரும். ஏப்ரல், மே மாதங்களில் 29, 30 டிகிரி இருக்கும் மேல்தண்ணீர், தென்மேற்குப் பருவக் காலத்தில் 25-ஐ ஒட்டி வந்துவிடும், சில நாள் அதற்கும் கீழே போகும். காற்று மேல்தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போக, அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் ஏறி வருவதுதான் காரணம். அதே தண்ணீர் ஏற்றிவரும் சத்தில்தான் மீனும் சிப்பியும் கொழுக்கின்றன. 25 டிகிரி காற்றில் யாருக்கும் குளிராது. தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை உறிஞ்சும். வெறும் உடம்போடு மணிக்கணக்கில் கிடந்தால் நடுங்கத்தான் செய்யும்.

ஆனால் இங்கே நாங்கள் பயப்படும் குளிர்க்காயம் வேறு. கை பல மணி நேரம் 10 டிகிரிக்குக் கீழே ஈரமாகக் கிடந்தால், சதை உறையாமலே நரம்பும் நுண்ணிய ரத்தக் குழாயும் கெட்டுப்போகும். அப்புறம் வருடக்கணக்கில் மரப்பும் வலியும் நிற்கும். இன்னொன்று, விரல் மொளியில் சிவந்து ஊதாவாக மாறி, சூடேறும்போது அரித்துக் கொல்லும் வீக்கம். சில்பிளெயின் என்பார்கள். இங்கே புதிதாக வருகிறவர்களுக்கு முதல் குளிர்காலத்தில் அடிக்கடி வரும். குளச்சல் கடலின் குளிரில் முதலாவது வராது என்றே நினைக்கிறேன். அதனால் அண்ணனுக்கு வேறு காரணம் இருக்க வேண்டும்.

கைக்குச் சொல்லும் முதல் பாடம் இங்கே என்ன தெரியுமா? நெஞ்சையும் தலையையும் சூடாக வை என்பதுதான். உடம்பின் நடுப்பகுதி குளிர்ந்தால், உடம்பு முதலில் கை கால் ரத்தத்தைத்தான் நிறுத்தும். எவ்வளவு தடித்த கையுறை போட்டாலும் பயன் இல்லை. 3 மில்லிமீட்டர் நியோபிரீன் (நுரை ரப்பர்) மேல்சட்டை ஒன்று இருந்தாலே ஊரில் கைக்கு வித்தியாசம் தெரியும்.

ஆசாரிபள்ளம்_பழைய_மாணவி எழுதியது:

ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியில் படித்தவள், இப்போது தோல் மருத்துவர். நேரில் பார்க்காமல் நோய் இன்னதென்று சொல்ல மாட்டேன். ஆனால் இங்கே ரெண்டு தனித்தனி நோய்கள் ஒரே கையில் இருப்பதுபோல் தெரிகிறது. சில கேள்விகள்.

1. சவுதியில் அண்ணன் என்ன வேலை செய்தார்?
2. புறங்கை அரிப்பு எங்கே முடிகிறது? மணிக்கட்டில் ஒரு எல்லை தெரிகிறதா?
3. இந்த வருடம் புதிதாகக் கையுறை ஏதும் போட ஆரம்பித்தாரா?
4. பீடி, சிகரெட்? ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை?
5. விரல் நுனியில் ஆறாத புண் உண்டா? முகத்தோல் அல்லது விரல்தோல் இறுகிக்கொண்டு வருகிறதா?
6. தோலில் எங்காவது உணர்ச்சி இல்லாத வெளிர் தேமல் உண்டா?

கடைசிக் கேள்வி தொழுநோய்க்காக. பயமுறுத்தவில்லை. நம் நாட்டில் கை மரக்கிறது என்று யார் வந்தாலும் இதைக் கேட்காமல் விடக் கூடாது. சீக்கிரம் கண்டால் மாத்திரையிலேயே முழுக்கக் குணமாகும்.

கடியபட்டணம்_தம்பி எழுதியது:

டாக்டர், ரொம்ப நன்றி. அண்ணனைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டு எழுதுகிறேன்.

சவுதியில் கட்டட வேலை. கான்கிரீட் உடைக்கும் பிரேக்கர் எந்திரம் பிடித்திருக்கிறார். அந்த நாளிலேயே ராத்திரி கை ஊசி குத்தியது போல் இருக்குமாம், வீட்டில் சொன்னதில்லை.

எல்லை இருக்கிறது. விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால் மணிக்கட்டுக்கு ரெண்டு விரல்கடை மேலே, வளையல் போட்ட மாதிரி நேர்கோட்டில் சிவப்பு நின்றுவிடுகிறது. அதற்கு மேலே நல்ல தோல். உள்ளங்கையிலும் அவ்வளவாக இல்லை. கையுறை சரியாக அந்த இடம் வரைக்கும்தான் வரும். சிநேகிதர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்த கறுப்பு நியோபிரீன் கையுறை. வைகாசிக்குப் பிறகுதான் போடுகிறார். அரிப்பு வந்ததால் இன்னும் விடாமல் போட்டார், கைக்குப் பாதுகாப்பு என்று நினைத்து.

பீடி உண்டு. மாத்திரை ஏதும் இல்லை. புண் இல்லை, தேமல் இல்லை, தோல் இறுக்கமும் இல்லை.

ஆசாரிபள்ளம்_பழைய_மாணவி எழுதியது:

இப்போது கொஞ்சம் தெளிவாகப் பேசலாம்.

விரல் வெளுத்து, நீலமாகி, சிவப்பது ரெய்னாட் என்ற நிலை. குளிர் பட்டதும் விரலின் சின்ன ரத்தக் குழாய்கள் தேவைக்கு மேல் சுருங்கிவிடுகின்றன. பலருக்கு இது எந்தக் காரணமும் இல்லாமல் இளவயதில், ரெண்டு கையிலும் ஒரே மாதிரி தொடங்கும். அது பெரும்பாலும் ஆபத்தில்லாதது. ஆனால் முப்பத்தைந்து தாண்டி, ஒரே கையில், ரெண்டு விரலில் மட்டும் தொடங்கினால் காரணம் தேட வேண்டும். அதிரும் எந்திரத்தை வருடக்கணக்கில் பிடித்தவர்களுக்கு வரும் வெள்ளைவிரல் நோய் இதே மாதிரிதான் இருக்கும். குழாயோடு நரம்பும் அடிபடுவதால், ஊசி குத்தல், மரப்பு, பித்தான் போட முடியாத தடுமாற்றம் எல்லாம் சேர்ந்து வரும். எந்திரத்தை விட்ட பிறகும் குளிர் பட்டால் விரல் வெளுக்கும். கடல் இந்த நோயைக் கொடுத்திருக்காது. ஏற்கெனவே இருந்ததை வெளியே காட்டியிருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். குவாரியில் துளை போடுகிறவர்கள், கான்கிரீட் உடைக்கிறவர்கள் எல்லோரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் மாவட்டத்தில் அந்த வேலைக்குப் போய் வந்தவர்கள் எவ்வளவோ பேர்.

பீடியை விட வேண்டும், இதில் சமரசம் இல்லை. நிக்கோட்டின் அதே குழாய்களைத்தான் சுருக்குகிறது. பின்னால் என்றைக்காவது ரத்த அழுத்தத்துக்கோ படபடப்புக்கோ மருந்து எழுதினால், ரெய்னாட் இருப்பதைச் சொல்லச் சொல்லுங்கள். அட்டெனலால், புரோப்ரனலால் வகை மாத்திரைகள் இதைக் கூட்டும். குழாயைத் தளர்த்தும் நிஃபெடிபின் போன்றவை உதவும், ஆனால் அவை அழுத்தத்தைக் குறைத்துத் தலைசுற்றல் கொடுக்கலாம். மூச்சடக்கி முங்குகிறவருக்கு அதை நேரில் பார்த்துத்தான் தர வேண்டும்.

வெளுத்த கையைச் சுடுதண்ணீரில் முக்கக் கூடாது. மரத்த தோலுக்குச் சூடு தெரியாது, வெந்துபோகும். அக்குளில் வைத்துக்கொள்வதே நல்லது. கையை வட்டமாகச் சுழற்றினாலும் ரத்தம் இறங்கும்.

ரெண்டாவது, அந்த நேர்கோடு. உப்புத்தண்ணீரோ குளிரோ தோலில் அப்படிக் கோடு போடாது. கையுறை முடியும் இடத்தில் அரிப்பும் முடிகிறது என்றால் கையுறை மேல்தான் என் சந்தேகம். நியோபிரீன் செய்யும்போது தையோயூரியா வகை ரசாயனங்கள் சேர்ப்பதுண்டு. ஒட்டுப் பசையில் வேறொரு பிசின் இருக்கும். இவை ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் போட்ட உடனே ஒன்றும் தெரியாது. ஒரு நாள், ரெண்டு நாள் கழித்து அரிக்கும். அதனால்தான் யாரும் கையுறையைச் சந்தேகப்படுவதில்லை. ஈரமும் வியர்வையும் சேர்ந்தால் ரசாயனம் இன்னும் எளிதாக ஊறி இறங்கும். புறங்கைத் தோல் மெல்லியது, அங்கே முதலில் தெரியும். உள்ளங்கை தடித்தது, தாங்கும்.

கையுறையை இன்றைக்கே நிறுத்தட்டும். அந்த ட்யூபின் பெயரையும் அனுப்புங்கள்.

தக்கலை_மருந்தாளுநர் எழுதியது:

ட்யூப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் தினமும் இதைப் பார்க்கிறேன். வீரியமான ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாட்டிக் மூன்றும் ஒன்றாகக் கலந்த க்ரீம்தான் பெரும்பாலும் கொடுத்திருப்பார்கள். எந்த அரிப்பும் ரெண்டு நாளில் அடங்கும், அதனால் வாங்கியவருக்குச் சந்தோஷம். உள்ளே படர்தாமரை இருந்தால் அது வடிவம் மாறி, யாருக்கும் அடையாளம் தெரியாதபடி பரவும். தோலும் மெலிந்துபோகும். வெட்டுப் படும் கைக்கு மெலிந்த தோல் எவ்வளவு கேடு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வீரியமான ஸ்டீராய்டு க்ரீம்களைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு விதியை இறுக்கியது. சீட்டு இல்லாமல் கேட்டு வருகிறவர்களை நான் திருப்பித்தான் அனுப்புகிறேன். கோபப்படுவார்கள், பரவாயில்லை.

வெடிப்புக்கு வெள்ளை வாசலின் போதும். குளித்து, கையை ஒற்றி எடுத்து, ஈரம் லேசாக இருக்கும்போதே தடவ வேண்டும். தேங்காய் எண்ணெயும் நல்லதுதான், ஆனால் சீக்கிரம் காய்ந்துவிடும், வாசலின் நிற்கும்.

கொடிமுனை_வள்ளம் எழுதியது:

பாருங்கள், இதனால்தான் எனக்குக் கையுறை பிடிப்பதில்லை. சிப்பியின் நார் பாறையை எந்த இடத்தில் பிடித்திருக்கிறது என்று விரல்தான் சொல்லும். கலக்கல் தண்ணீரில் கண்ணாடி போட்டும் ஒன்றும் தெரியாது. ரப்பர் போட்டால் விரல் ஊமையாகிவிடும்.

ஆனால் அவன் விரலோ குளிரைத் தாங்காது. கையுறை இல்லாமலும் முடியாது, போட்டாலும் அரிக்கும் என்றால் என்னதான் செய்வான்? உள்ளே பருத்திக் கையுறை போட்டு, மேலே நியோபிரீன் போட்டால் போதுமா?

வடகடல்_முங்கி எழுதியது:

அண்ணாச்சி, கரையில் அது சரி. தண்ணீருக்குள் பருத்தி நனைந்து, ரப்பரில் இருப்பதைத் தோலுக்கே கொண்டுபோய்ச் சேர்க்கும்.

இங்கே எங்களோடு வேலை செய்யும் ஒருவருக்கு இதே ஒவ்வாமை உண்டு. அவர் உலர் கையுறைக்கு மாறிவிட்டார். மணிக்கட்டில் வளையம் வைத்துப் பூட்டுவது, தண்ணீரே உள்ளே வராது, அடியில் கம்பளிக் கையுறை. ஆனால் அதற்கு உலர் உடுப்பு வேண்டும், விலையும் எட்டாது, நம் ஊரில் தேவையும் இல்லை. கட்டடத் தொழிலாளிகள் போடும் மெல்லிய நூல் கையுறை, உள்ளங்கையில் பாலியூரித்தேன் பூசியது இருக்கிறதே, அது பார்க்கலாமே. ரப்பர் இல்லை. வெட்டுத் தாங்கும் நூலில் நெய்ததும் கிடைக்கும். குளிரை முழுக்கத் தடுக்காது, ஆனால் தண்ணீர் விரலை உரசி ஓடுவது குறையும். மேல்சட்டை வாங்கிக்கொண்டால் கைக்கு அது போதும் என்பது என் கணக்கு. மேல்சட்டையும் நியோபிரீன்தானே என்று கேட்பீர்கள். உள்ளே நீளக்கை லைக்ரா போடலாம். ஆனாலும் பரிசோதனை முடியும் வரை வாங்க வேண்டாம்.

ஆசாரிபள்ளம்_பழைய_மாணவி எழுதியது:

வடகடல் சொல்வது சரி. பாலியூரித்தேன் பூசியவற்றில் ரப்பருக்குப் போடும் அந்த ரசாயனங்கள் பொதுவாக இருக்காது. மேல்சட்டை விஷயத்திலும் காத்திருப்பதுதான் நல்லது. எந்தப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரியாமல் வாங்கினால், கையில் இருப்பது உடம்பு முழுக்க வரலாம்.

குறும்பனை_மகள் எழுதியது:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் அப்பாவுக்கு வேறு மாதிரி வந்தது, தெரிந்திருக்கட்டும் என்று எழுதுகிறேன். சிப்பி ஓடு பெருவிரலில் கீறி ஆறிவிட்டது. சில வாரம் கழித்து அதே இடத்தில் ஒரு கட்டி. வலி இல்லை. அப்புறம் புறங்கையில் ஒன்று, முன்கையில் ஒன்று என்று வரிசையாக ஏறியது. ஒரு தனியார் மருத்துவமனையில் சாதாரண ஆன்டிபயாட்டிக் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள், கட்டியில் ஸ்டீராய்டு ஊசியும் போட்டார்கள். அதிகமாகியது. கடைசியில் சதை எடுத்துச் சோதித்த பிறகுதான் காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த, தண்ணீரில் வாழும் கிருமி என்றார்கள். மாதக்கணக்கில் மாத்திரை. இப்போது தழும்பு மட்டும்தான்.

அவர் கடலுக்குப் போகிறவர் என்று நாங்களும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

ஆசாரிபள்ளம்_பழைய_மாணவி எழுதியது:

நல்லவேளை எழுதினீர்கள். மைக்கோபாக்டீரியம் மரைனம் அது. உடம்பின் உள்சூட்டைவிட 30 டிகிரியை ஒட்டிய சூட்டில் நன்றாக வளரும், அதனால் கை விரலை அதற்குப் பிடிக்கும். கட்டி கையில் மேலே மேலே ஏறுகிறது என்றால் சதைச் சோதனை கேளுங்கள்.

மீன் முள் குத்திய விரலில் ஒரு வாரத்துக்குள் ஊதா கலந்த சிவப்பு, எரிச்சலோடு விளிம்பு விளிம்பாகப் பரவினால் அது வேறு கிருமி, பென்சிலினுக்குக் கேட்கும். எல்லாவற்றையும்விட அவசரம் எது என்றால், கடலில் வெட்டுப் பட்ட சில மணி நேரத்தில், அல்லது மறுநாளுக்குள், கடுமையான வலியும் வீக்கமும் காய்ச்சலும் கறுத்த கொப்புளமும் வருவது. சூடான கடலில் வாழும் விப்ரியோ கிருமியாக இருக்கலாம். ஈரல் கெட்டவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் உயிருக்கே ஆபத்து. அன்று ராத்திரியே பெரிய மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும், விடியட்டும் என்று இருக்கக் கூடாது.

எந்த மருத்துவரிடம் போனாலும் முதல் வரியிலேயே "கடலில் முங்குகிறவர்" என்று சொல்லிவிடுங்கள்.

ஸ்கூபா_பழகுபவன் எழுதியது:

எனக்குக் குளிர்ந்த தண்ணீரில் கை வைத்தால், எடுத்த பிறகு சில நிமிடத்தில் கை முழுக்கத் தடிப்புத் தடிப்பாக வீங்கி அரிக்கும், ஒரு மணி நேரத்தில் மறைந்துவிடும். ஐஸ் டம்ளர் பிடித்தாலும் வரும். ஸ்கூபா வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். இதுவும் ரெய்னாட்தானா?

ஆசாரிபள்ளம்_பழைய_மாணவி எழுதியது:

இல்லை. குளிரால் வரும் தடிப்பு ஒவ்வாமை போலத் தெரிகிறது. இந்த இழையில் வந்ததிலேயே எனக்குக் கவலை தருவது உங்கள் பதிவுதான். கை மட்டும் நனைந்தால் கை மட்டும் தடிக்கும். உடம்பு முழுவதும் குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று விழுந்து, தண்ணீருக்குள்ளேயே மயங்கலாம். மருத்துவர் முன்கையில் ஐஸ்கட்டியை ஐந்து நிமிடம் வைத்துப் பார்ப்பார், எளிய சோதனை. அதுவரைக்கும் கடலிலும் குளத்திலும் இறங்க வேண்டாம். பயிற்சியாளரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

கடியபட்டணம்_தம்பி எழுதியது:

அண்ணனை ஆசாரிபள்ளத்தில் தோல் பிரிவு வெளிநோயாளிப் பகுதிக்குக் கூட்டிப்போனேன். நகக்கண்ணில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, கருவி வைத்து ரத்தக் குழாய்களைப் பார்த்தார்கள். ரத்தச் சோதனைக்கும் எழுதினார்கள். கையுறையை விட்டதிலிருந்து புறங்கை அரிப்பு பாதிக்கு மேல் அடங்கிவிட்டது. பீடிக்குப் பதிலாக வாயில் ஏலக்காய் போட்டுக்கொள்கிறார், சிடுசிடுப்புக்கு அண்ணிதான் பாவம்.

பேட்ச் டெஸ்ட் செய்ய வேண்டுமாம். ஒவ்வாமை தரக்கூடிய பொருள்களை முதுகில் ஒட்டி, ரெண்டு நாள் கழித்து எடுத்துப் பார்த்து, மறுபடியும் ரெண்டு நாள் கழித்துப் பார்ப்பார்களாம். அதுவரை முதுகு நனையக் கூடாது. இப்போதுதான் சிப்பி நன்றாகப் பட்டுக்கொண்டிருக்கிறது. ஒரு வாரம் கடலுக்குப் போகாமல் இருக்க அவர் சம்மதிக்க மாட்டேன் என்கிறார். கடல் அடிக்கும் நாளாகப் பார்த்து வைத்துக்கொள்ளலாமா டாக்டர்? போகும்போது என்ன கொண்டுபோக வேண்டும்?

ஆசாரிபள்ளம்_பழைய_மாணவி எழுதியது:

தள்ளி வைக்கலாம், ஒன்றும் கெட்டுப்போகாது. கையுறையைத் தொடாமல் இருந்தால் போதும். ஒட்டும் நாளில் முதுகில் அந்த ஸ்டீராய்டு க்ரீம் எதுவும் தடவியிருக்கக் கூடாது, ஸ்டீராய்டு மாத்திரையும் சாப்பிட்டிருக்கக் கூடாது.

அந்தக் கையுறையை எறிந்துவிடாதீர்கள். பொதுவாக ஒட்டும் பட்டியலில் தையோயூரியா இல்லாமல் போகலாம். அதனால் கையுறையின் உள்பக்கமும் ஒட்டுப் போட்ட இடமும் சேர்ந்து வருகிற மாதிரி ஒரு துண்டை வெட்டி, உப்புப் போக நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்துக் கொண்டுபோங்கள். அதையும் சேர்த்து ஒட்டச் சொல்லிக் கேளுங்கள்.

கொடிமுனை_வள்ளம் எழுதியது:

தம்பி, கடல் அடிக்கும் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம், அடுத்த திங்கட்கிழமையே ஒட்டச் சொல். அந்த வாரம் எங்கள் வள்ளத்திலிருந்து ஒரு பையனை உங்கள் வள்ளத்துக்கு அனுப்புகிறேன். பங்கில் பாதி அண்ணனுக்கு, பாதி பையனுக்கு. அண்ணன் மறுத்தால் என் நம்பரைக் கொடு, நான் பேசுகிறேன். அந்த நூல் கையுறை நாகர்கோவிலில் எந்தப் பக்கம் கிடைக்கும் என்று வடகடல் தம்பி சொன்னால், எனக்கும் ஒரு ஜோடி வாங்கிப் பார்க்கிறேன். விரல் நுனி பூச்சு இல்லாமல் இருக்க வேண்டும்.